ராசன் அண்ணாவின் இடது கண்

எங்கள் வார்டில் ஒரு பழக்கம் உண்டு. வேலையை விட்டுப் போகிறவர், பின்னால் வருகிறவர்களுக்காக எதையாவது எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். தேநீர் அறை அலமாரியில் அந்தக் கோப்பு இருக்கிறது. முப்பது, முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எழுதியவை அவை. எனக்கு வயது முப்பத்தொன்று. விழித்திரைப் பிரிவில் ஏழு வருடம்தான் இருந்தேன். அடுத்த மாதம் முதல் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலைக்கு மாறுகிறேன். இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று நீங்கள் நினைத்தால் அது நியாயம்தான்.

இருந்தாலும் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் என்னைப்போலத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். நான் சொல்லப் போகிற தப்பும் எனக்குத் தமிழ் தெரிந்ததால்தான் நடந்தது.

என்னைப் பற்றி ஒன்று. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நர்சிங் கல்லூரிப் படிவத்தில் அப்பாவும் அம்மாவும் பெருவிரல்தான் வைத்தார்கள். அந்தக் குடும்பத்திலிருந்து வந்து லண்டன் கண் மருத்துவமனையில் சர்ஜனுக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்ற பெருமை எனக்கு உண்டு, இன்றைக்கும் உண்டு. அந்தப் பெருமைக்கும் இந்தத் தப்பில் பங்கு இருப்பதால்தான் சொல்கிறேன்.

அவரை ராசன் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், நாற்பத்தாறு வயது, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹவுன்ஸ்லோவில் வீடு. விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் சமையற்கூடத்தில் தட்டுகளை அடுக்கும் வேலை. வலது கண் சின்ன வயதிலேயே அடிபட்டுப் பார்வை போய்விட்டது. வெளிச்சம் மட்டும்தான் தெரியும். இருந்த ஒரு நல்ல கண், இடது. அதில் இரண்டு நாளாக மின்னல் மின்னுகிறது, பக்கத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இறங்குகிறது என்று ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். கூட அவருடைய மனைவி வதனி.

கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய விழித்திரை கிழிந்து, கிழிசல் வழியாக நீர் புகுந்து, திரை சுவரைவிட்டு உரிந்துகொண்டிருந்தது. நடுப்பகுதி இன்னும் உரியவில்லை. நாம் எழுதுவதும் படிப்பதும் முகங்களை அடையாளம் காண்பதும் அந்த நடுப்பகுதியால்தான். அது உரிந்துவிட்டால் பிறகு ஒட்டவைத்தாலும் பழைய பார்வை திரும்புவது சந்தேகம். அன்றைக்கே அறுவை செய்ய வேண்டும் என்று சர்ஜன் சொன்னார்.

"தமிழ் நர்ஸைக் கூப்பிடுங்கள்" என்றார்கள். நான் போனேன். அப்படிக் கூப்பிடும்போது எனக்குள் ஒரு நிமிர்வு வரும். உங்களுக்கும் வரும், பாருங்கள்.

எங்கள் சர்ஜன் அதிகம் பேசாத பெண்மணி. அன்று அவர் ராசன் அண்ணாவுக்கு இரண்டு வழிகளைச் சொல்லச் சொன்னார். விழித்திரையை ஒட்டவைத்த பிறகு, அது மறுபடி விலகாமல் அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் ஏதாவது நிரப்ப வேண்டும். ஒன்று வாயு. அது சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும், ஆனால் அது கரையும்வரை விமானத்தில் ஏறக்கூடாது. மேலே போகப்போக வாயு விரியும், கண் விரியாது. உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வையே போய்விடும். இன்னொன்று எண்ணெய். அதோடு விமானத்தில் போகலாம். ஆனால் எண்ணெய் தானாகக் கரையாது. பிறகு அதை எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். அவருடைய கண்ணுக்கு வாயுதான் நல்லது, அவசரப் பயணம் எதுவும் இல்லை என்றால் அதையே வைக்கலாம் என்றார்.

அறுவை அரங்கில் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் சுருக்கினேன்.

"அண்ணா, கண்ணுக்குள்ள காத்து வைப்பாங்க. அது இருக்கிறவரைக்கும் பிளைட்ல போகக் கூடாது. அடுத்த ரெண்டு மாசத்துல எங்கயாவது போற வேலை இருக்கா?"

எண்ணெய் என்ற சொல்லே என் வாயில் வரவில்லை. பயணம் இல்லையென்றால் அது தேவைப்படாது, பிறகு எதற்குக் குழப்ப வேண்டும் என்று நினைத்தேன்.

ராசன் அண்ணா வதனியைப் பார்த்தார். வதனி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"இல்லைத் தங்கச்சி," என்றார் அவர். "அப்பிடி ஒண்டும் இல்லை."

நான் ஆங்கிலத்தில் "இல்லை" என்று சொன்னேன். சர்ஜன் படிவத்திலிருந்து தலையைத் தூக்கினார். "ஓர் 'இல்லை'க்கு இவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

"எங்கள் ஆட்கள் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்" என்றேன். எங்கள் ஆட்கள். அப்படியேதான் சொன்னேன்.

அறுவை நன்றாக நடந்தது. எப்படி நடந்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை, அது உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. வாயு வைத்தார்கள். விமானத்தில் ஏறக்கூடாது என்று எழுதிய பட்டையை மணிக்கட்டில் கட்டினேன். ஒரு வாரத்துக்கு முகத்தைத் தரையைப் பார்த்தபடியே வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் வாயு சரியான இடத்தில் அழுத்தும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் பரிசோதனைக்கு வந்தபோது அவர் கலகலப்பாக இருந்தார். தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "பதினொரு வருசமாக் குனிஞ்சு நிண்டு தட்டு அடுக்கிறன், நிமிர விடமாட்டாங்கள். கண் நோய் எண்டு இஞ்ச வந்தால் நீங்களும் குனி எண்டுறியள்."

"ஒரு வாரம்தான் அண்ணா."

"அவங்களும் அப்பிடித்தான் சொல்லி வேலைக்கு எடுத்தவங்கள்."

வதனி சிரிக்கவில்லை. அது அன்று என் கண்ணில் பட்டது. மருந்துச் செலவை நினைத்துக் கவலையாக இருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, நேரம் குறிக்காமலே இருவரும் வந்தார்கள். ராசன் அண்ணா தரையைப் பார்த்தபடி வதனியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். சவரம் செய்யாத முகம். நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் நிமிராமல் பேசியதால் சத்தம் தரையில்தான் விழுந்தது.

"அம்மா மோசம் போயிட்டா, தங்கச்சி."

அவர் முகம் தெரியாததால் நான் தரையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் அவர் முகம் தெரிந்தது.

"பிரேதத்தை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வச்சிருப்பினம்," என்றார். "நான்தான் கடைசிப் பெடியன். அம்மாவுக்கு நான்தான் கொள்ளி வைக்க வேணும். சண்டையில மூடின பாதையும் இப்ப திறந்து கிடக்கு, கொழும்பில இறங்கினா வான் பிடிச்சு ஊருக்குப் போயிடலாம். பதினாறு வருசமா நான் அவவைப் பாக்கேல்ல."

"எப்ப இருந்து முடியாம இருந்தாங்க?"

வதனிதான் சொன்னார். "இவருக்கு ஒப்பரேசன் செய்த அண்டைக்கே மாமி ஆஸ்பத்திரியிலதான் கிடந்தவ."

"அன்னைக்கு நான் கேட்டேனே அண்ணா. போற வேலை இருக்கான்னு கேட்டேனே."

"எப்பிடித் தங்கச்சி சொல்லுறது?" என்றார் அவர். "அம்மா சாகப் போறா, அதுக்கு நான் போகவேண்டி வரும் எண்டு உயிரோட இருக்கிறவவைப் பற்றி என்ர வாயால சொல்லுறதே? நான் சொன்னால் நான் எதிர்பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டல்லோ வரும்."

வதனி என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, புரியாமல் பார்த்தார். "நீங்களும் தமிழ்தானே பிள்ளை. உங்களுக்கு இது தெரியாதே?"

தெரியும். அதுதான் என் பிரச்சினை. எங்கள் ஊரிலும் படுத்திருக்கிறவர் காதில் விழாவிட்டாலும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். வெள்ளைக்கார நர்ஸுக்குத் தெரியாமல் போகலாம். அந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள அந்த அறையில் இருந்த ஒரே ஆள் நான். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

சர்ஜனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், எண்ணெய் பற்றி நான் சொல்லாமல் விட்டதையும். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, "இன்னும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை" என்றார். புதன்கிழமை மறுபடி கண்ணைத் திறந்து வாயுவை எடுத்துவிட்டு எண்ணெய் வைக்கலாம். வியாழக்கிழமை பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் அவர் பறக்கலாம். ஆனால் இப்போதுதான் ஒட்டிய திரை அது. ஒரு வாரத்துக்குள் இரண்டாவது அறுவை என்றால் தழும்பு விழுந்து மறுபடி இழுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். இருப்பது ஒரே கண்.

"நீங்களாக இருந்தால் செய்வீர்களா?" என்று கேட்டேன்.

"என் அம்மாவுக்கு நான் எதுவும் வைக்க வேண்டியதில்லை. அதனால் எனக்குத் தெரியாது" என்றார். "அவர் கேட்டால் செய்வேன். ஆனால் அவருக்கு முழுவதும் புரிந்த பிறகு. இந்த முறை எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்."

ஆலோசனைக்கென்று ஒதுக்கிய சின்ன அறைக்கு அவர்கள் இருவரையும் அழைத்துப் போனேன். மறுபடி தரையில் உட்கார்ந்தேன். எண்ணெய் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் ஒன்றைக் கவனித்தேன். போகலாம் என்பதை நான் நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை எத்தனை மணிக்கு விடலாம், எந்தச் சொட்டு மருந்தைக் கையில் கொடுத்துவிடுவோம், விமானத்தில் எப்படிப் படுக்கலாம். தழும்பைப் பற்றி ஒரே வரி. அவர் போய்விட்டால் என் தப்பு சரியாகிவிடும். என் வாய் எனக்காகத்தான் பேசிக்கொண்டிருந்தது.

நிறுத்தினேன். "அண்ணா, நான் இப்பச் சொன்னதை விட்டுடுங்க. முதல்ல இருந்து சொல்றேன். நீங்க போகணும்னு எனக்கு ஆசையா இருக்கு. அன்னைக்கு நான் உங்ககிட்ட எண்ணெயைப் பத்திச் சொல்லாம விட்டுட்டேன். அந்தக் குத்தம் உறுத்துது, அதனால இழுத்துப் பேசுறேன். இப்பக் கெட்டதை முதல்ல சொல்றேன், கேளுங்க."

கெட்டதை முதலில் சொன்னேன். படிக்க முடியாமல் போகலாம், வேலை போகலாம், பிள்ளைகளின் முகம் தெரியாமல் போகலாம். அதன் பிறகு நல்லதைச் சொன்னேன். பிறகு சும்மா இருந்தேன்.

இந்த இடத்தை நீங்கள் மறக்க வேண்டாம். நோயாளியிடம் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி இருக்கும்போது நீங்கள் விளக்குவதை நீங்களே நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்து இந்த எழுத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

"நீங்களெண்டால் என்ன செய்வியள், தங்கச்சி?" என்றார்.

"சொல்ல மாட்டேன் அண்ணா."

"சரி. சொல்ல வேண்டாம்." அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. அழுகிறாரா, கண் மருந்துதான் வடிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. "வதனி, நீர் என்ன சொல்லுறீர்?"

"போக வேண்டாம்," என்றார் வதனி உடனே. "அண்ணையின்ர மகன் வைக்கட்டும். மாமி இருந்திருந்தால் அவவும் போகாதை எண்டுதான் சொல்லியிருப்பா. எனக்கு உங்கட கண் வேணும்."

"அவ இருந்திருந்தால் நான் ஏன் இதைக் கேக்கிறன்."

ஒரு முறை யாரோ கதவைத் தட்டினார்கள், நான் திறக்கவில்லை. பிறகு ராசன் அண்ணா சொன்னார், "எண்ணெயை வைக்கச் சொல்லுங்கோ."

சர்ஜனிடம் போனேன். எத்தனை நாளில் திரும்புவார் என்று கேட்டார். திரும்பப் போய் ராசன் அண்ணாவிடம் கேட்டேன். "எல்லாம் முடிஞ்ச உடன வந்திடுவன்" என்றார். எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாள் கருமாதியோடு எல்லாம் முடிந்துவிடும். நான் கணக்குப் போட்டு, அதிகம் போனால் பதினெட்டு நாள் என்று சர்ஜனிடம் சொன்னேன். அவர் யோசித்து, பதினெட்டுக்கு மேல் ஒரு நாளும் கூடாது என்று எழுதினார். அதையும் நான் ராசன் அண்ணாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். குனிந்த தலை ஆடியதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை எண்ணெய் வைத்தார்கள். வியாழக்கிழமை பார்த்ததில் திரை ஒட்டியிருந்தது. மணிக்கட்டுப் பட்டையை நானே வெட்டி எடுத்தேன். அவர் போனார்.

பதினெட்டாம் நாள் அவர் வரவில்லை. வீட்டுக்குத் தொலைபேசினேன். வதனி எடுத்தார்.

"அவர் மாமியின்ர அந்தியேட்டிக் கிரியை முடிச்சுத்தானே பிள்ளை வருவார்."

"அது எப்பங்க?"

"முப்பத்தொண்டாம் நாள்." பிறகு கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு எத்தினையில?" என்று கேட்டார்.

"பதினாறு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. "நான் நினைச்சன் உங்களுக்குத் தெரியும் எண்டு. நீங்கள்தானே டொக்டரிட்டைக் கதைச்சனீங்கள். டொக்டர் வரச் சொன்ன திகதி மருந்து எடுக்கிறதுக்கு எண்டு இவர் நினைச்சிட்டார். கொழும்பில எடுக்கலாம் எண்டு சொன்னவர்."

முதல் தப்புக்குப் பிறகு நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று உங்களுக்குச் சொன்னேன். தரையில் உட்கார்ந்தேன், கெட்டதை முதலில் சொன்னேன், கதவைத் திறக்கவில்லை. அத்தனைக்கும் பிறகு, தமிழர் எல்லோருக்கும் ஒரே கணக்கு என்று நினைத்துவிட்டேன். முதல் முறை தெரிந்ததைக் கேட்காமல் விட்டேன். இரண்டாவது முறை தெரியாததைத் தெரியும் என்று நினைத்தேன். உங்களையும் "தமிழ் நர்ஸ்" என்று கூப்பிடுவார்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்து இலங்கைக்காரர் ஒருவர் வருவார், ஹரோவிலிருந்து மலேசியாக்காரர் ஒருவர் வருவார். உங்கள் ஊரைக் கொண்டு அவர்களை அளக்காதீர்கள். இப்படி எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அறையில் நிற்கும்போது எது தெரிந்தது, எது தெரியாதது என்று எப்படிப் பிரிப்பது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

முப்பத்தைந்தாம் நாள் வந்தார். கீழ்ப்பக்கத்தில் தழும்பு விழுந்து திரையை இழுத்திருந்தது, நடுப்பகுதியும் உரிந்திருந்தது. மூன்றாவது முறையாக அறுவை செய்தார்கள். திரை ஒட்டியது. பார்வை அவ்வளவாகத் திரும்பவில்லை. நடக்கலாம், ஆள் நிற்பது தெரியும், கிட்டே வந்தால் யார் என்றும் தெரியலாம். எழுத்து தெரியாது. சமையற்கூட வேலை போய்விட்டது.

பதினெட்டாம் நாளே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று சர்ஜனிடம் கேட்டேன். "இருக்கலாம்" என்றார். இரண்டாவது அறுவையே செய்யாமல் இருந்திருந்தால்? "இருக்கலாம். வாயுவோடு வீட்டில் படுத்திருந்தவர்களுக்கும் இப்படித் தழும்பு விழுவதை நான் பார்த்திருக்கிறேன்." முதல் நாளே எண்ணெய் வைத்திருந்தால்? அவர் அடுத்த நோயாளியின் கோப்பை எடுத்தார். நடந்ததை நானே எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். அதன் பிறகுதான் எங்கள் பிரிவில் உறவுக்காரரையோ நர்ஸையோ மட்டும் வைத்து ஒப்புதல் வாங்குவதை நிறுத்தி, மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் வழக்கம் வந்தது. அது நல்ல மாற்றம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். யாரும் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கடைசியாக அவர்கள் வந்தது குளிர்காலத்தில். பரிசோதனை முடிந்ததும் ராசன் அண்ணா, "தங்கச்சி, உங்களிட்டை ஒண்டு காட்ட வேணும்" என்றார். வதனி பையிலிருந்து ஓர் ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தார். செத்தவீட்டுப் படங்கள். அவர்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் படம் பிடிக்கிறார்கள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"எனக்கு வடிவாத் தெரியேல்ல. வதனியைக் கேட்டால் பக்கத்தைத் தட்டிப்போட்டு 'எல்லாம் இருக்கு' எண்டுறா. நீங்கள் சொல்லுங்கோ. அம்மாவின்ர முகம் தெரியுதோ?"

"தெரியுது அண்ணா. சிவப்புச் சேலை. நெத்தியில விபூதி."

"நான் எங்க நிக்கிறன்?"

பக்கத்தைப் புரட்டினேன். "இங்க இருக்கீங்க. வெள்ளை வேட்டி. மேல சட்டை இல்ல. கண்ணுல நாங்க ஒட்டின கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் மூடி. தோள்ல குடம்."

"மூடி தெரியுதோ?"

"தெரியுது."

"ஆக்கள் அதைத்தான் பாத்தவை. லண்டனில இருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் எண்டு." அவர் சிரித்தார். "போனது சரி, தங்கச்சி. அவவின்ர முகத்தை நான் நேரில பாத்திட்டன். இது எனக்குத் தேவையில்லை. பிள்ளையளுக்கு."

வதனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார், "இவர் அப்பிடித்தான் சொல்லுவார். வீட்டில வேற மாதிரி."

ராசன் அண்ணா அதை மறுக்கவில்லை. "வீட்டில வேற மாதிரித்தான்" என்றார். "ரெண்டும் உண்மைதான்."

யாரை நம்புவது என்று தெரியாமல் ஆல்பத்தை மூடி வதனியிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு என் கையை ஒரு நிமிடம் பிடித்திருந்தார். அது மன்னிப்பா, குளிருக்குப் பிடித்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்களைப் படிக்கட்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, அடுத்த பெயரை வாசித்தேன்.